ரம் லைனும் ரிங் ரோடும்

எங்கள் ஊர்ப் பெயரில் குப்பம் உண்டு, கடல் கிடையாது. சென்னீர்குப்பத்திலிருந்து மெரினா மணலில் கால் வைக்க இருபது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். சென்னீர் என்பதைச் செந்நீர் என்று கொஞ்சம் அழுத்திப் படித்தால் நாங்கள் செங்கடலுக்கே பங்காளி ஆகிவிடுவோம். ஆவடி ரோட்டுத் தூசியில் நின்றுகொண்டு அப்படிச் சொன்னால் பக்கத்துப் பூந்தமல்லிக்காரர்கள் சிரிப்பார்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரே கடல், கார்த்திகை மழைக்குப் பிறகு தெருமுனையில் நான்கு நாள் தேங்கி நிற்பது.

இந்தக் குறை அரசாங்கத்துக்கும் உறுத்தியிருக்க வேண்டும். மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி புறவழிச்சாலை வரை 26.1 கிலோமீட்டருக்கு ஒரு தடம் போட்டிருக்கிறார்கள். கப்பலுக்கு வழி காட்டுகிற விளக்கு ஒரு முனையில், நாங்கள் மறு முனையில். யார் யோசனையோ, நன்றாக இருக்கட்டும்.

இப்படிப்பட்ட ஊரின் டீக்கடையில்தான் போன மாதம் கடல்வழிச் சண்டை வந்தது. மீஞ்சூரில் ஒரு கல்யாணம். போக வேண்டியவர் எங்கள் தெரு கேப்டன். முப்பது வருடம் சரக்குக் கப்பலில் இருந்து ரிட்டயர் ஆனவர். உண்மையில் செகண்ட் ஆபீசராகத்தான் இறங்கினார். கேப்டன் பட்டம் தெரு கொடுத்தது. ஆட்டோக்காரர் அம்பத்தூர், செங்குன்றம் வழியாகப் போகலாம் என்றார். கேப்டன் அவுட்டர் ரிங் ரோடு என்றார்.

"ரிங் ரோடு சுத்து சார். நூறு ரூபா கூட ஆவும்."

"சுத்திப் போற மாதிரி தெரியுறதுதான் தம்பி கிட்ட. அதுக்குப் பேரு கிரேட் சர்க்கிள். நேரா தெரியுற ரம்ப் லைன்தான் தூரம்."

டீ மாஸ்டர் பாய்லரிலிருந்து முகத்தைத் திருப்பாமலே சொன்னார்: "ரம் லைன்ல போனா சுத்தத்தான் சார் செய்யும். எங்க சித்தப்பா தெனமும் அதுலதான் வூட்டுக்கு வருவாரு."

கேப்டன் இதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. பக்கத்து ஜூஸ் கடையிலிருந்து ஒரு சாத்துக்குடியை எடுத்தார். டீக்கடையில் வடை பார்சல் கட்டுகிற நூலில் ஒரு முழம் அறுத்தார். பால்பாயிண்ட் பேனாவால் பழத்தின் காம்புக்குக் கொஞ்சம் கீழே, ஒரே உயரத்தில், எதிரெதிராக இரண்டு புள்ளி வைத்தார். "இது ஒரு ஊரு, இது ஒரு ஊரு. நூலை இறுக்கிப் பிடி." ஆட்டோக்காரர் பிடித்தார். இரண்டு புள்ளியையும் சேர்த்து இழுத்ததும் நூல் பக்கவாட்டில் நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டு மேலே ஏறிக் காம்புப் பக்கமாகப் போய் உட்கார்ந்தது. "இறுக்கின நூல் பொய் சொல்லாது. அதான் குறுக்கு வழி. இப்ப அதே உயரத்துல, காம்பைச் சுத்திப் பேனாவால கோடு போடு." போட்டார். அளந்தால் பேனாக் கோடு நூலைவிட நீளம். "ஏன்னா நீ கிழக்கு கிழக்குன்னு ஒரே திசையைப் பிடிச்சுக்கிட்டுப் போன. அதான் ரம்ப் லைன்."

விஷயம் இவ்வளவுதான். பூமியைச் சரிபாதியாக வெட்டுகிற வட்டம் பெருவட்டம். அதன் மேல் போனால் தூரம் குறைவு, ஆனால் காம்பஸ் முள்ளின் கோணத்தை மணிக்கு மணி மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ரம்ப் லைனில் அந்தத் தொல்லை இல்லை. ஒரு கோணத்தைப் பிடித்தால் போதும், சுக்கான் பிடிப்பவன் பீடி பற்றவைக்கலாம். தூரம்தான் கூடும். சோம்பேறித்தனத்துக்கும் சிக்கனத்துக்கும் நடுவில் மனிதகுலம் நடத்திய எத்தனையோ பேரங்களில் இதுவும் ஒன்று.

இந்தப் பேரத்தை முதலில் பஞ்சாயத்துக்குக் கொண்டுவந்தவர் ஒரு போர்த்துகீசியர். பெயர் மார்ட்டிம் அபோன்சோ டி சூசா. 1530இல் பிரேசிலுக்குக் கப்பல் கட்டிக்கொண்டு போய் 1533இல் திரும்பியவர். திரும்பியதும் தங்கத்தைப் பற்றிப் பேசியிருக்கலாம், ஊர் பிடித்த கதை சொல்லியிருக்கலாம். இவர் நேராகப் பெட்ரோ நூனெஸ் என்ற கணித வித்வானிடம் போய்ச் சந்தேகம் கேட்டார். நான் கேட்டிருந்தால் இப்படிக் கேட்டிருப்பேன்: "வாத்தியாரே, நான் சுக்கானைக் கிழக்கே வெச்சிட்டுப் போறேன். பூமி உருண்டைங்கிறீங்க. உருண்டையில நேரா போனா பூமத்திய ரேகையில போய் முட்டணுமே? நான் கிளம்பின அட்சரேகையிலயே சுத்திட்டு இருக்கேனே, எப்படி?"

நல்ல கேள்வி. பெரும்பாலானவர்கள் கப்பல் கரை சேர்ந்ததே போதும் என்று கும்பிடு போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். நூனெஸ் உட்கார்ந்து யோசித்து 1537இல் பதில் அச்சிட்டார். ஒரே திசை என்பதும் ஒரே நேர்கோடு என்பதும் வேறு வேறு சமாசாரம் என்று முதலில் பிட்டுப்பிட்டு வைத்தவர் அவர்தான். வடகிழக்கு என்று ஒரு திசையைப் பிடித்துக்கொண்டு விடாமல் போனால் கப்பல் துருவத்தைச் சுற்றிச் சுருள் சுருளாக நெருங்கிக்கொண்டே இருக்கும். இதில் வேடிக்கை, மொத்தத் தூரம் அளவோடுதான் இருக்கும். சுற்றுக்குத்தான் கணக்கே இல்லை. பட்டா பெயர் மாற்றத்துக்கு அலைந்தவர்களுக்கு இந்த வளைவை விளக்க வேண்டியதில்லை. 1624இல் வில்லெப்ரார்ட் ஸ்னெல் என்ற டச்சுக்காரர் இதற்கு லாக்ஸோட்ரோம் என்று கிரேக்கப் பெயர் சூட்டினார். சாய்ந்த ஓட்டம் என்று பொருள். மாஸ்டரின் சித்தப்பாவுக்கும் பொருந்தும்.

டி சூசா கதைக்கு இரண்டாம் பாகம் ஒன்று உண்டு, அது நம் பக்கத்துக் கதை. கேள்வி கேட்ட அதே மனிதர் 1542இல் போர்த்துகீசிய இந்தியாவுக்கு ஆளுநராக கோவாவில் வந்து இறங்கினார். புனித பிரான்சிஸ் சேவியர் வந்ததும் அவர் கூடத்தான். ஒரே பயணத்தில் ஒரு மகானும் ஒரு ஆளுநரும். மகான் முத்துக்குளித்துறைப் பக்கம் ஆன்மாக்களைத் தேடிப் போனார். ஆளுநர் 1543இல் திருப்பதி உண்டியலைத் தேடிக் கிளம்பினார். மேற்குக் கரையிலிருந்து கன்னியாகுமரியைச் சுற்றி வந்து, கிழக்குக் கரையில் இறங்கி, ஏழுமலையானிடம் மொத்தமாக அள்ளிக்கொண்டு போவது திட்டம்.

இதில் என் சொந்த ஆராய்ச்சி ஒன்று உண்டு. மயிலாப்பூர் சாந்தோமில் ஏற்கெனவே போர்த்துகீசியர் குடியேறியிருந்தார்கள். அங்கே இறங்கித் திருப்பதிக்குப் போகிறவன் எந்த வழியாகப் போவான்? பூந்தமல்லி வழியாகத்தான். ஆக, ரம்ப் லைன் கணிதத்துக்குப் பிள்ளையார் சுழி போட்ட மனிதர் ஆயுதத்தோடு எங்கள் டீக்கடை வாசலைக் கடந்திருக்க வேண்டியவர். கடக்கவில்லை. காரணம் காற்று. எதிர்க்காற்று அடித்து, கப்பல்கள் இந்தப் பக்கம் வர முடியாமல் போயின. கோணம் தெரியும், வட்டம் தெரியும், நூனெஸிடம் நேரடியாகப் பாடம் கேட்டவர். பாயில் அடிக்கிற காற்றுக்கு இதெல்லாம் தெரியாதே. வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல் கொல்லம் பக்கத்தில் ஒரு கோயிலைச் சூறையாடிவிட்டுப் போனார். பெருமாள் தப்பினார், கேரளத்துச் சாமி மாட்டிக்கொண்டது.

அவ்வளவு தூரம் போயிருக்கவும் வேண்டாம் என்பதுதான் பூந்தமல்லிக்காரர்களின் கட்சி. திருக்கச்சி நம்பி பிறந்த ஊர் இது. இங்கே பறித்த பூவைத் தினமும் காஞ்சிபுரம் வரதராஜருக்குக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தவர். வயதாகி நடக்க முடியாமல் போனபோது வரதராஜரே பூந்தமல்லிக்கு வந்துவிட்டார் என்பது ஐதீகம். தனியாகவும் வரவில்லை, ஸ்ரீரங்கத்திலிருந்து ரங்கநாதர், திருப்பதியிலிருந்து ஸ்ரீனிவாசர் என்று கூட்டாக வந்தார். போய்ச் சேர வேண்டிய இடமே நம்மிடம் வந்துவிட்டால் தூரம் பூஜ்யம். இதைவிடக் குறுக்கு வழியை எந்த நூனெஸும் கண்டுபிடிக்க முடியாது.

கேப்டனிடம் இதையெல்லாம் நான் சொன்னபோது, "போர்த்துகீசியனை விடு சார். நம்ம ராஜேந்திர சோழன் எந்த லைன்ல போனான்?" என்று ஆட்டோக்காரர் கேட்டார். எங்கள் பக்கத்தில் எந்த விவாதமும் மூன்றாவது டீக்குள் ராஜேந்திரனிடம் வந்துவிடும்.

பிறகு வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டேன். 1025. நாகப்பட்டினத்திலிருந்து கடாரம், அதாவது இன்றைய மலேசியாவின் கெடா. பெருவட்டத்தில் போனால் ஏறத்தாழ 2,330 கிலோமீட்டர். ரம்ப் லைனில் போனாலும் ஏறத்தாழ 2,330 கிலோமீட்டர். வித்தியாசம் எவ்வளவு என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடினால் அரைக் கிலோமீட்டர்கூடத் தேறவில்லை. நான் பால் பாக்கெட் வாங்கப் போய்வருவது இதைவிடத் தூரம். மாபெரும் கடற்படையை வைத்துக்கொண்டு, யானையைக் கப்பலில் ஏற்றினானா இல்லையா என்று இன்றுவரை நம்மை அடித்துக்கொள்ள வைத்த மன்னனுக்கு, உலகக் கணித மேதைகள் அத்தனை பேரும் சேர்ந்து மிச்சப்படுத்திக் கொடுத்திருக்கக்கூடியது ஒரு தெரு.

காரணம் எளிது. சாத்துக்குடியில் புள்ளியைக் காம்பிலிருந்து இறக்கி இடுப்புக்குக் கொண்டுவந்து நூலை இழுத்துப் பாருங்கள். நூலும் பேனாக் கோடும் ஒட்டிக்கொள்ளும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இரண்டு பாதையும் அண்ணன் தம்பி. வடக்கு தெற்காகப் போனாலும் அப்படியே, தீர்க்கரேகையே பெருவட்டத்தின் பாதிதானே. நம் முன்னோர் போன கடலெல்லாம் இந்த இடுப்புப் பிரதேசம். குளிர்நாட்டுக்காரனுக்கு வந்த தலைவலி நமக்கு வரவே இல்லை. இதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்ளலாம், அதிர்ஷ்டம் என்றும் சொல்லிக்கொள்ளலாம். மேடையில் பேசுகிறவர்கள் முதலாவதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள்.

இன்னொரு சுவாரசியம். நாகப்பட்டினத்துக்கும் கெடாவுக்கும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் எந்தக் கோடாக இருந்தாலும் நிக்கோபார் தீவுக் கூட்டத்துக்குள் போய் மூக்கை நுழைக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் பொறித்திருக்கும் மெய்க்கீர்த்தி, வென்ற ஊர்ப் பட்டியலில் மாநக்கவாரத்தையும் சேர்த்திருக்கிறது. அதுதான் நிக்கோபார். வேண்டுமென்றே போய் வென்றார்களா, வழியில் இருந்ததால் வென்றார்களா என்று எனக்கு ஒரு சந்தேகம். படை எந்த வழியாகப் போனது என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை, ஆகவே நான் தைரியமாகச் சந்தேகப்படலாம்.

அதே பெரிய கோயிலுக்கு 1808இல் ஒரு அடி. வில்லியம் லாம்டன் என்ற கம்பெனி அதிகாரி பூமி எவ்வளவு உருண்டை என்று அளக்கக் கிளம்பியிருந்தார். 1802இல் நம் பரங்கிமலையடியில் எஃகுச் சங்கிலி போட்டுத் தொடங்கியவர். அவருடைய தியோடலைட் அரை டன் கனம். இங்கிலாந்திலிருந்து வரும்போதே பிரெஞ்சுக்காரன் கப்பலோடு பிடித்து மொரீஷியஸ் கொண்டுபோய், பிரித்துப் பார்த்து, மரியாதையாகத் திருப்பி அனுப்பிய பொருள். அதைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் கயிறு கட்டி ஏற்றினார்கள். கயிறு அறுந்தது. பெருவட்டத்தை அளக்க வந்த கருவி, கடாரம் கொண்டவன் கல்வெட்டு இருக்கும் கோயிலின் மேல் மோதி நெளிந்தது. லாம்டன் கூடாரத்துக்குள் உட்கார்ந்து ஆறு வாரம் தட்டித் தட்டி அதை மறுபடி வட்டமாக்கினார். ராஜராஜன் கட்டியதற்கு அதிகச் சேதமில்லை.

நம் மாலுமிகள் பெருவட்டமும் பார்க்கவில்லை, ரம்ப் லைனும் பார்க்கவில்லை என்றால் எதைப் பார்த்தார்கள்? பல்லைப் பார்த்தார்கள். இராப்பலகை என்று ஒரு சாமான். உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்ன மரச்சில்லு, நடுவில் ஓட்டை, அதில் ஒரு கயிறு, கயிற்றில் முடிச்சுகள். ஒவ்வொரு முடிச்சும் ஒரு துறைமுகம். ராத்திரியில் ஊருக்குரிய முடிச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, கயிறு விறைக்கும்வரை பலகையை முன்னே நீட்ட வேண்டும். பலகையின் கீழ்விளிம்பு கடல் விளிம்பில் படிய, மேல்விளிம்பில் துருவ நட்சத்திரம் உட்கார்ந்தால் ஊர் வந்துவிட்டது. அப்படியே திரும்பிக் கரையைப் பார்த்துப் போகலாம். நட்சத்திரம் மேலே தெரிந்தால் இன்னும் தெற்கே போ, கீழே போனால் வடக்கே ஏறு. சோழமண்டலக் கரையில் இந்த முடிச்சு வித்தையைக் கண்டு அசந்துபோன காங்கிரீவ் என்ற ராணுவ அதிகாரி 1850இல் சென்னைப் பத்திரிகை ஒன்றில் கட்டுரையே எழுதினார். அப்போது லண்டனில் கணக்குப் புத்தகம் மலையாகக் குவிந்திருந்தது. இங்கே ஒரு முழக் கயிறு. ராஜேந்திரன் காலத்தில் துருவ நட்சத்திரமே துருவத்திலிருந்து ஏறத்தாழ 6 பாகை தள்ளி நின்று சுற்றிக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வழிகாட்டியே தடுமாறிக்கொண்டிருந்தபோதும் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்.

பிறகு நம் எல்லோரையும் குழப்பியவர் மெர்க்கேட்டர். 1544இல் மதத்துரோகக் குற்றச்சாட்டில் ஏழு மாதம் சிறையில் இருந்துவிட்டு வந்தவர். 1569இல் உலக வரைபடம் போட்டார். ரம்ப் லைன் நேர்கோடாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே பூமியை மேலும் கீழும் இழுத்து நீட்டினார். மாலுமிகளுக்கு வசதி. எப்படி இழுத்தார் என்ற கணக்கை அவர் வெளியே சொல்லவில்லை. 1599இல் எட்வர்ட் ரைட் என்ற ஆங்கிலேயர்தான் அட்டவணை போட்டு உடைத்தார். மாலுமிக்குப் போட்ட படத்தைக் கொண்டுவந்து பள்ளிக்கூடச் சுவரில் மாட்டியதுதான் தப்பு. கிரீன்லாந்து ஆப்பிரிக்கா சைஸுக்கு உப்பிவிட்டது. ஆப்பிரிக்கா அதைவிடப் பதினான்கு மடங்கு பெரியது. படத்தில் நேராகத் தெரிவதே கிட்டத்து வழி என்று ஏழாம் வகுப்பிலேயே நம் மூளையில் ஆணி அடித்துவிட்டார்கள். பிள்ளையைப் பார்க்க அமெரிக்கா போகிற சென்னீர்குப்பத்து அப்பாக்கள் விமானத்தில் முன்சீட்டுத் திரையைப் பார்த்துப் பதறுவது அதனால்தான். "ஏம்மா, எதுக்கு வட துருவம் பக்கமா சுத்தறான்? டீசல் கணக்கு காட்டவா?" 2021 ஜனவரியில் ஏர் இந்தியாவின் பெண் விமானிகள் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு வட துருவத்தின் மேலேயே பறந்து வந்தார்கள். சுற்று இல்லை ஐயா, சாத்துக்குடி நூல்.

நூல் வழியிலும் வில்லங்கம் உண்டு. அன்றைக்கு டீக்கடையில் கேப்டன் தன் கட்சியை விட்டுக்கொடுக்காமல் சொன்ன கதை இது. கேப்டவுனிலிருந்து மெல்போர்னுக்குப் பெருவட்டத்தில் போனால் 1,000 கிலோமீட்டருக்கு மேல் மிச்சம். ஆனால் அந்த வட்டம் தெற்கே 58 பாகை வரை இறங்குகிறது. அங்கே வழி நெடுகப் பனிப்பாறை. டெவன்போர்ட்டில் கடிகாரம் செய்துகொண்டிருந்த டவுசன் என்பவர் பெருவட்ட அட்டவணை போட்டுக் கொடுத்தார். கொஞ்ச தூரம் வட்டம், ஐஸ் வருவதற்கு முன்பு ஒரு அட்சரேகையோடு ஒட்டி ஓட்டம், மறுபடி வட்டம் என்று கலப்படப் பாதை. கலப்படம் என்றதும் ஆட்டோக்காரர் தலையாட்டினார். அது அவருக்குப் புரிந்த கடல். 1852இல் ஃபோர்ப்ஸ் என்ற கேப்டன் மார்கோ போலோ கப்பலை இப்படி ஓட்டி லிவர்பூலிலிருந்து மெல்போர்னுக்கு அதிவேகமாகப் போய் உலகத்தை வாய்பிளக்க வைத்தார். மூன்றே வருடத்தில், 1855இல், ஷோம்பர்க் என்ற புத்தம்புதுக் கப்பலை ஆஸ்திரேலியக் கரையில் தரைதட்ட விட்டார். ஆட்கள் பிழைத்தார்கள். தட்டிய நேரத்தில் அவர் சீட்டாடிக்கொண்டிருந்தார் என்று பேச்சு.

"அப்ப இங்கேர்ந்து ரஷ்யாவுக்குக் கப்பல் வுடறாங்களாமே, அதுக்கு எந்த லைன்?" என்றார் மாஸ்டர். பேப்பர் படிப்பவர். சென்னை – விளாடிவாஸ்டாக் கடல்வழி, 2019இல் கையெழுத்தானது, ஏறத்தாழ 5,600 கடல் மைல். இதற்கு நூலை இழுத்துக் காட்டச் சொன்னோம். கேப்டன் சாத்துக்குடியில் சுமாராகச் சென்னையையும் விளாடிவாஸ்டாக்கையும் குறித்து நூலை இழுத்தார். நூல் வங்காள விரிகுடாவைத் தாண்டியதும் கரையேறிவிட்டது, மிச்சம் பெரும்பாலும் சீனா.

"கப்பலு சீனாவுக்குள்ள ரோட்டு மேல போவணும்."

"ஆமா தம்பி. அதனாலதான் மலாக்கா சுத்திப் போறாங்க."

"அப்ப சுத்துனா சுத்துதானே சார்? நூறு ரூபா எக்ஸ்ட்ரா குடு."

கேப்டன் ஒன்றும் பேசவில்லை. முப்பது வருடக் கடல் அனுபவம் ஒரு நூறு ரூபாயில் தரைதட்டியது. வண்டி நசரத்பேட்டையைப் பார்த்துத் திரும்பத் தயாரானபோது ஜூஸ் கடைப் பையன் ஓடிவந்தான். பேனாவால் கிறுக்கின பழத்தை வேறு யார் தலையில் கட்டுவது என்று அவன் கேட்டான். நியாயம்தான். கேப்டன் இருபது ரூபாயை எடுத்து நீட்டி, பிழிந்துவிடு என்றார். நாகப்பட்டினம், கடாரம், கேப்டவுன், விளாடிவாஸ்டாக் எல்லாவற்றையும் சேர்த்து இரண்டாக வெட்டி மிஷினில் வைத்து அழுத்தினான். அரை டம்ளர்கூட வரவில்லை. கொட்டையை வடிகட்டி, ஒரு சிட்டிகை உப்பு போட்டு, ஐஸ் வேண்டுமா சார் என்றான்.

"ஐஸ் மட்டும் வேணாம்ப்பா" என்றார் கேப்டன்.